தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

ஒவ்வொரு அக்டோபரிலும் பெர்லினுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பொன்னி அரிசி எங்கே கிடைக்கும்? குளிருக்கு எந்தக் கோட்டு வாங்கலாம்? ஜெர்மன் தெரியாமல் காலம் தள்ள முடியுமா? எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, எதற்கும் அவசரமில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான். "நீ இருக்கிற வீட்டுத் தபால் பெட்டியில உன் பேரை ஒட்டியாச்சா?" பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், "என்னக்கா, இதுக்குப் போயி..." என்று இழுப்பார்கள்.

இதற்குத்தான். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஊரில் புதிதாக வந்த மாணவர் படும் பாட்டில் பெரும்பகுதி, வந்து சேராத ஏதோ ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது.

நம் ஊர் அடுக்குமாடியில் கதவு எண் இருக்கும். பி பிளாக், மூன்றாம் மாடி, 3சி என்று எழுதினால் கடிதம் வந்துவிடும். பெர்லினில் பெரும்பாலான வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, குடியிருப்பவரின் பெயர், அவ்வளவுதான் விலாசம். நூறு வருடம் தாண்டிய பழைய கட்டடங்களில் தெருவைப் பார்த்து ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு முற்றம், பக்கவாட்டில் ஒரு நீட்சி, முற்றத்துக்கு அப்பால் இன்னொரு வீடு என்று ஒரே எண்ணுக்குள் ஏகப்பட்ட குடும்பங்கள் இருக்கும். நுழைவாயிலில் வரிசையாகத் தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு பெயர்ச் சீட்டு. தபால்காரர் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற குறிப்போடு கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அது வங்கி அட்டையாக இருக்கலாம், காப்பீட்டு அட்டையாக இருக்கலாம், வரி எண்ணாக இருக்கலாம்.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான் இருக்கும். ஜெர்மன் அலுவலகங்களுக்கு அதுதான் உங்கள் பெயர். கார்த்திக் சுப்பிரமணியன் என்று ஒரு பையன் வந்தால் கடிதம் திரு சுப்பிரமணியனுக்குத்தான் வரும். அவனோ பெட்டியில் கார்த்திக் என்று எழுதி ஒட்டியிருப்பான். அப்பா பாவம் திருநெல்வேலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அவர் பெயருக்குப் பெர்லினில் பாக்கித் தொகை கேட்டு நோட்டீஸ் வந்துகொண்டிருக்கும். ஆகவே கடவுச்சீட்டில் உள்ள இரண்டு பெயரையும் அதே எழுத்துக்கூட்டலில் ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தால், கடிதம் எழுதுவோரிடம் விலாசத்தில் அந்த வீட்டுக்காரரின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் பெயர் வேண்டும். பார்சல் கொண்டுவருபவர் மணியடிக்க அதைத்தான் தேடுவார்.

பெயரை ஒட்டியாகிவிட்டது. அடுத்தது அன்மெல்டுங். நகராட்சி அலுவலகத்தில் 'நான் இந்த விலாசத்தில் குடியிருக்கிறேன்' என்று பதிவு செய்வது. பிள்ளைகள் 'சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன்' என்றும் சொல்வார்கள். நம் ஊரில் ரேஷன் கார்டு எப்படி அரிசி வாங்குவதற்கு மட்டும் என்றில்லாமல் எல்லா அலுவலகத்திலும் நீட்ட வேண்டிய தாளாக இருந்ததோ, அப்படி இது. குடியேறிய 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். கட்டணம் கிடையாது. கடவுச்சீட்டு, ஒரு படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கச் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். அந்தச் சான்றில் 'இன்னார் இந்தத் தேதியில் என் வீட்டில் குடியேறினார்' என்று இருக்கும். அதன் ஜெர்மன் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே வராது, விட்டுவிடுங்கள். 2015 நவம்பரிலிருந்து நாடு முழுவதும் இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாதா என்று பலர் வாதாடுவார்கள். போதாது.

நேரம் பெறுவதுதான் பாடு. டெர்மின் என்பார்கள், முன்பதிவு. பெர்லினில் அது சட்டென்று கிடைப்பதில்லை. நகரத்தில் 12 வட்டங்கள், ஒவ்வொன்றிலும் பல அலுவலகங்கள். உங்கள் வட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதியில்லை, எந்த வட்டத்திலும் பதியலாம். அதனால் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் ஷ்பண்டாவ், மார்ட்சான் அலுவலகங்களையும் தேடுங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில் இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொண்டால், யாராவது ரத்து செய்த நேரம் அவ்வப்போது வந்து விழும். 115 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பதினான்கு நாள் தாண்டிப் போய்விடுமே என்று நடுங்க வேண்டாம். குடியேறிய உடனே முன்பதிவு செய்துவிட்டீர்கள் என்று காட்டினால் பொதுவாக யாரும் அபராதம் போடுவதில்லை. காசு கொடுத்தால் டெர்மின் வாங்கித் தருகிறேன் என்று சிலர் வாட்ஸாப்பில் சுற்றுவார்கள். இலவசமாகக் கிடைப்பதை மடக்கி வைத்து விற்பவர்கள் அவர்கள். தள்ளி இருங்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் யோசிக்காமல் நிரப்பிவிடுவோம். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஒரு நிமிடம் நிதானியுங்கள். கத்தோலிக்கம் என்றோ, இங்குள்ள சீர்திருத்தத் திருச்சபை என்றோ எழுதினால், நாளை நீங்கள் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியில் 9 விழுக்காடு திருச்சபை வரியாகச் சேர்ந்து பிடிக்கப்படும். விரும்பிக் கொடுப்பவர்கள் கொடுக்கலாம், தவறே இல்லை. தெரியாமல் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியேற நீதிமன்றப் படி ஏறுவதுதான் வீண் அலைச்சல்.

பதிவு முடிந்ததும் முத்திரையிட்ட ஒரு தாள் கையோடு கிடைக்கும். சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். மறுபடியும் தபால்! அந்த எண் வாழ்நாள் முழுக்க ஒன்றுதான். பகுதி நேர வேலைக்கு முதலாளி முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது புரிந்திருக்கும், அறை தேடும்போது வாடகைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி எது என்று. 'இங்கே அன்மெல்டுங் செய்யலாமா?' விளம்பரங்களில் சில அறைகள் நூறு யூரோ குறைவாகக் கிடைக்கும். ஓரத்தில், பதிவு செய்ய முடியாது என்று இருக்கும். ஒருவர் வாடகைக்கு எடுத்த வீட்டை உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிறார் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். அவர் சான்றில் கையெழுத்துப் போட முன்வர மாட்டார். ஒரு மாதம் தங்கி வேறு இடம் தேட அது பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு என்றால் வேண்டாம். என் கணக்கில், பதிவு செய்யக்கூடிய அறைக்கு நூறு யூரோ கூடக் கொடுப்பது லாபம்.

'நீ எங்கு வேண்டுமானாலும் தங்கிக்கொள், விலாசம் மட்டும் நான் தருகிறேன், இத்தனை யூரோ' என்றும் ஒரு வியாபாரம் நடக்கிறது. குடியிருக்காத வீட்டில் குடியிருப்பதாகப் பதிவது குற்றம். அப்படி விலாசம் கொடுப்பவருக்குச் சட்டத்தில் 50,000 யூரோ வரை அபராதம் இருக்கிறது, பதிபவரும் தப்ப முடியாது. அதைவிட நடைமுறைத் தொல்லை பெரிது. உங்கள் கடிதமெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் பெட்டியில் போய் விழும். அவர் மனம் வைத்தால்தான் உங்கள் கைக்கு வரும்.

அறை மோசடிகள் தனிக் கதை, ஆனால் எல்லாவற்றுக்கும் சாடை ஒன்றே. படத்தில் வீடு பளபளவென்று இருக்கும், இடம் நகரின் நடுவில், வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வீட்டுக்காரர் 'வெளிநாட்டில்' இருப்பார். அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்வார். சாவி வராது. நம் பிள்ளைகள் விமானம் ஏறுவதற்கு முன்பே அறை உறுதியாக வேண்டும் என்ற பதற்றத்தில் இருப்பார்கள், வீட்டில் அம்மாவும் 'எங்கடா தங்கப் போறே' என்று நச்சரிப்பார். அந்தப் பதற்றம்தான் மோசடிக்காரரின் முதல். நேரிலோ, அங்கு இருக்கும் நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காத அறைக்கு ஒரு காசு அனுப்பாதீர்கள். முதல் மாதத்துக்கு விடுதியோ, குறுகிய கால அறையோ எடுத்துக்கொண்டு வந்து இறங்கித் தேடுவது செலவு போலத் தெரியும், கடைசியில் சிக்கனமாகவே முடியும். மாணவர் நல அமைப்பான ஷ்டூடீரெண்டன்வெர்க் நடத்தும் விடுதிகளுக்குக் கல்லூரி அனுமதி வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருப்போர் வரிசை நீளம்தான், ஆனாலும் வரிசையில் நிற்காதவருக்கு என்றைக்கும் கிடைக்காது.

அட்வான்ஸ் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதுவும் தண்ணீர், வெப்பமூட்டல் செலவெல்லாம் நீக்கிய வெறும் வாடகையில் மூன்று மாதம். அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. இதை எந்த வீட்டுக்காரரும் தானாக எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ போட்டுவிட்டு வருகிறீர்கள். மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். அரசே இந்தத் தொகை போதும் என்கிறதே என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 992 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜெர்மன் மாணவர்களுக்கு அரசு தரும் பாஃபெக் என்ற கல்வி உதவித்தொகையின் உச்ச அளவு அது. அந்தக் கணக்கில் வாடகைக்கென்று வைத்திருப்பது 380 யூரோ. பெர்லினில் பங்குவீட்டில் ஓர் அறை 600, 700 யூரோ என்பது இன்று சாதாரணம். 650 என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு 140, 150 யூரோ போகும். மிச்சம் இருநூறு. அதில் சாப்பாடு, தொலைபேசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் செமஸ்டர் கட்டணத்தின் பங்கு எல்லாம் அடங்க வேண்டும். பிழைக்க முடியாது என்று சொல்ல வரவில்லை, பல பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் விசாவுக்குக் காட்டிய தொகையும் பெர்லினில் ஆகும் செலவும் ஒன்றல்ல என்பதைக் கல்விக் கடன் வாங்கும்போதே வீட்டில் பேசிவிட வேண்டும்.

இன்னொரு முடிச்சும் இதில் இருக்கிறது. பிளாக்டு அக்கவுண்ட் பணம் இங்கே உங்கள் பெயரில் நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான் இறங்கும். பல வங்கிகள் கணக்குத் திறக்க அன்மெல்டுங் தாளைக் கேட்கும். கணக்குத் திறந்தாலும் அட்டை ஒரு உறையில், ரகசிய எண் இன்னொரு உறையில், தனித்தனி நாளில் தபாலில் வரும். அறை கிடைக்காமல் தாளில்லை, தாளில்லாமல் கணக்கில்லை, கணக்கில்லாமல் பணமில்லை, பணமில்லாமல் அறைக்கு அட்வான்ஸ் இல்லை. இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க ஒரே வழிதான். முதல் இரண்டு மாதச் செலவும் அட்வான்சும் பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே, எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணமாகக் கையிலோ பயண அட்டையிலோ இருக்க வேண்டும். இணைய வங்கிகள் சில, தாள் இல்லாமலும் கணக்குத் திறக்கின்றன. இடைக்காலத்துக்கு அது உதவும்.

காப்பீட்டை நீட்டி முழக்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்குட்பட்டவர் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேருங்கள். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போனால் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழி இராது. பல் வலியும் முதுகு வலியும் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். உயிர் ஆபத்துக்கு 112. இரவில் காய்ச்சல், வயிற்றுவலி போன்றவற்றுக்கு 116117. இரண்டையும் தொலைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் கொண்டுவந்த விசா பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அதற்குள் பெர்லின் குடிவரவு அலுவலகத்தில் இருப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 'விசா எக்ஸ்டென்ஷன்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். விண்ணப்பம் இணையத்தில். அன்மெல்டுங் தாள், காப்பீடு, கல்லூரிச் சேர்க்கை, பணத்துக்கான சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். நேர்காணலுக்கான தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய விசா முடிவதற்கு முன் முறையாக விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை நீங்கள் சட்டப்படி இங்கே இருக்கலாம். எச்சரிக்கை ஒன்றுதான். அந்த இடைக்காலத்தில் அக்கா கல்யாணம், தாத்தாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குக் கிளம்பினால், விண்ணப்பம் போட்டதற்கான வெறும் ரசீதை நம்பி விமானம் ஏறாதீர்கள். திரும்பி வர அனுமதிக்கும் தனிச் சான்று ஒன்று உண்டு, ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். அதைக் கேட்டு வாங்கிய பிறகே டிக்கெட் போடுங்கள்.

இனிக் கடிதங்கள். பதிவு செய்த சில வாரங்களில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். 'என்னிடம் டிவியே இல்லையே' என்று பிள்ளைகள் அதைக் கிழித்துப் போடுகிறார்கள். டிவி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, அவ்வளவுதான் விதி. வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், ஆளுக்கு ஆள் கட்ட வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள், பங்கை அவரிடம் கொடுங்கள். பதிலே எழுதாவிட்டால் உங்கள் பெயரில் பாக்கி ஏறிக்கொண்டே போகும், கடைசியில் வசூல் நடவடிக்கை வரை போகும்.

பெட்டியில் மஞ்சள் உறை கிடந்தால் அன்றே பிரித்துப் பாருங்கள். அது அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி சேர்ப்பிக்கும் கடிதம். உறையின் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். மறுப்புத் தெரிவிக்கவோ பதில் சொல்லவோ உள்ள கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பிரித்த நாள் கணக்கில் வராது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதும் எடுபடாது. உறையையும் தூக்கி எறியாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. ஜெர்மன் புரியவில்லையென்றால் தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், அப்படியும் குழப்பமென்றால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கோ மாணவர் நல அமைப்பின் ஆலோசனைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அதற்காகத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பேருந்தில் போகும் மாணவர் டிக்கெட்டும் சேர்ந்தே வரும். பொது மக்களுக்கான டிக்கெட் விலையில் 60 விழுக்காடு அதற்கு. தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா இடத்திலும் கிடையாது. ரயில் நிலையத்தில் சென்னை மெட்ரோ போலத் தடுப்புக் கதவு இருக்காது. யாரும் பார்ப்பதில்லை என்று தோன்றும். சாதாரண உடையில் உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்பார். இல்லையென்றால் 60 யூரோ.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மாலை பால், தயிர், வெங்காயம் வாங்கி வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் திறந்திருக்கும், கூட்டம் அள்ளும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். அப்படியும் பாட்டில் வாங்கினால் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

டிசம்பரில் காலை எட்டே கால் மணிக்கு விடிந்து மாலை நான்குக்கு முன்னால் இருட்டிவிடும். குளிரைவிட இந்த இருட்டுதான் நம் பிள்ளைகளை உலுக்குகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊரோடு நேர வித்தியாசம் மூன்றரை மணியிலிருந்து நான்கரையாகும். வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து அழைத்தால் அங்கே இரவு பத்து மணி, அம்மா பாதித் தூக்கத்தில் எடுப்பார். நாள் தவறாமல் பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட்டு வாருங்கள், மழையானாலும். இது அறிவுரை போலத்தான் இருக்கும். நவம்பரில் செய்து பாருங்கள்.

தனிமை அழுத்தினால் பிரிட்ஸ் பக்கம் போங்கள். பிளாஷ்கோ அல்லேயில் 2013இல் குடமுழுக்குக் கண்ட மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. எழுப்பியவர்கள் ஈழத்தமிழர்கள். அவர்கள் இந்த ஊருக்கு வந்த கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் இறங்கும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பழைய ஷோனஃபெல்ட் விமான நிலையம் இருந்தது. 1980களில், நகரம் இரண்டாகக் கிடந்தபோது, போருக்குத் தப்பிய தமிழர்கள் கிழக்கு ஜெர்மனியின் அந்த நிலையத்தில் இறங்கி, கடந்துபோகும் விசாவோடு ஃப்ரீட்ரிஷ் தெரு ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அவர்களுக்கு அடைக்கும்வரை அது நடந்தது. அவர்களிடம் பிளாக்டு அக்கவுண்டும் இல்லை, சேர்க்கைக் கடிதமும் இல்லை. இன்று நீங்கள் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் கடைகளில் சில அப்படி வந்தவர்கள் போட்டவை. அதே ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்தில்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பால் வாங்க ஓடுகிறீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்புக்குள் வெர்க்ஷ்டூடன்ட் வேலை, அதாவது படித்துக்கொண்டே ஒரு நிறுவனத்தில் பார்க்கும் பகுதி நேர வேலை கிடைத்தால் நல்லது, படிப்புக்கும் பொருந்தும். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் இடைத்தரகர் ஒருவர் ரொக்கமாகக் கூலி கொடுக்கிறேன், சீட்டு கிடையாது என்றால் அந்த வேலை வேண்டாம். கூலி நின்றால் கேட்க நாதியில்லை, சறுக்கி விழுந்தால் காப்பீடும் இல்லை. நீயே சுயதொழிலாகப் பதிந்துகொள் என்று சொன்னாலும் தலையாட்டாதீர்கள், மாணவர் அனுமதியில் தனி இசைவு இல்லாமல் சுயதொழில் செய்ய முடியாது. பெர்லினில் ஆங்கிலம் போதும் என்பார்கள். காபி வாங்கப் போதும். நல்ல வேலைக்கு ஜெர்மன் வேண்டும். முதல் செமஸ்டரிலேயே பல்கலைக்கழக மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது புதிதாக வருபவர்களுக்கு இல்லை, ஏற்கெனவே இங்கே இரண்டு மூன்று வருடமாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. படிப்பு முடிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போது உங்கள் அறையை வீட்டுக்காரரிடம் சொல்லி, அடுத்த ஆளாக ஒரு புது மாணவரை அறிமுகப்படுத்திவிட்டுப் போங்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் நியாயமான விலை வாங்கிக்கொள்ளுங்கள். அறை காட்டிக் கொடுத்ததற்கென்று முந்நூறு, ஐந்நூறு யூரோ கேட்கும் வழக்கம் நம்மவர்களிடமும் வந்துவிட்டது, அதை விடுங்கள். வீட்டுக்காரர் சான்றில் கையெழுத்துப் போடுவாரா என்பதை வருகிறவருக்கு முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்று பெட்டியிலிருக்கும் உங்கள் சீட்டை உரித்துவிட்டு, அவர் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை நீங்களே எழுதி ஒட்டிவிடுங்கள்.